‘சேஃப்’: நோயாளியிடம் கேட்கப்படும் கேள்வி – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், டாட் ஹெய்ன்ஸ் எழுதி இயக்கி 1995ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சேஃப்’ என்ற அமெரிக்கச் சுயாதீனத் திரைப்படத்தைச் சுருக்கமாக அறிமுகப்படுத்தியிருந்தேன். கதை 1987ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸின் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் தொடங்குகிறது. கேரல் ஒயிட் என்ற இல்லத்தரசி கணவன் கிரெக், அவனுடைய மகன் ரோரி ஆகியோருடன் வசதியான பெரிய வீட்டில் வாழ்கிறாள். அன்றாடம் எல்லோரும் சுவாசிக்கும் புகையும் வாசனைத் திரவியமும் அவளுக்கு மூச்சுத்திணறலையும் மயக்கத்தையும் கொண்டுவருகின்றன. மருத்துவர்களால் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை. இறுதியில் அவள் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஆல்புகர்க்கிக்கு அருகிலுள்ள ரென்வுட் என்ற ஆசிரமம் போன்ற இடத்தில் போய்த் தங்குகிறாள். இப்படத்தைப் பற்றி வந்த கடிதங்கள் மிகுதி என்பதால் இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். முடிவுக் காட்சியும் இதில் பேசப்படுகிறது. படத்தை இன்னும் பார்க்காதவர்கள் அதை மனத்தில் கொண்டு படிக்கவும்.

கேள்வி: படத்தை இருமுறை பார்த்த பிறகும் கேரலுக்கு வந்திருப்பது உடல் நோயா, மன நோயா என்று எனக்கு விளங்கவில்லை. இயக்குநர் விடையை வேண்டுமென்றே ஒளித்து வைத்திருக்கிறாரா?

பதில்: ஒளித்து வைத்திருக்கிறார் என்று சொல்வதைவிட, இரண்டு பக்கத்துச் சான்றுகளையும் ஒளிவுமறைவின்றி நம் முன் வைத்துவிட்டு விலகி நிற்கிறார் என்று சொல்வதே பொருந்தும். சாலையில் முன்னால் போகும் லாரியின் புகையில் கேரல் இருமத் தொடங்கி, காரை ஒரு வாகன நிறுத்தகத்துக்குள் திருப்பி நிறுத்த வேண்டியதாகிறது. அழகு நிலையத்தில் தலைமுடியைச் சுருளாக்கிக்கொள்ளும்போது மூக்கிலிருந்து இரத்தம் வழிகிறது. சலவைக் கடையில் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருக்கும் வேளையில் உள்ளே நுழைந்தவள் சுருண்டு விழுந்து வலிப்புக்கு ஆளாகிறாள். ஒவ்வாமைப் பரிசோதனையில் ஓர் ஊசிக்கு அவளுடைய உடல் அச்சமூட்டும் வகையில் எதிர்வினை காட்டுகிறது. இவை அனைத்தும் உடலின் சாட்சியங்கள்.

மறுபக்கத்தில், அவளுடைய வாழ்க்கையில் அவளுடையது என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. நீலப்பச்சை நிற சோபாவுக்குப் பதிலாகக் கறுப்பு சோபா வந்து இறங்கியதுதான் படத்தின் முதற்பகுதியில் அவளுக்கு நேரும் பெரிய நெருக்கடி. உடற்பயிற்சி வகுப்பில் அவளுக்கு மட்டும் வியர்ப்பதில்லை என்று தோழிகள் வியக்கிறார்கள். ஓர் இரவில், தான் எங்கே இருக்கிறேன் என்றே தெரியாமல் கணவனிடம் கேட்கிறாள். மனநல மருத்துவர் பெரிய மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு உங்களுக்குள் என்ன நடக்கிறது, நீங்களே சொல்லுங்கள் என்று காத்திருக்கும்போது, சொல்வதற்கு அவளிடம் ஒன்றுமே இல்லை.

என் கருத்தில், ‘உடலா மனமா’ என்ற கேள்வியையே இப்படம் ஆராய்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் யார், அதன் விடையை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்று பாருங்கள். குடும்ப மருத்துவருக்கு மனம் என்ற விடை கிடைத்துவிட்டால் அவருடைய பொறுப்பு முடிந்துவிடும். கணவனுக்கு, மனைவி தன்னைத் தவிர்ப்பதன் காரணம் புரிந்ததாகிவிடும். ரென்வுட் நிர்வாகத்துக்கு, நோயைக் கொண்டுவந்தவள் அவளே என்று நிலைநாட்ட வழி கிடைத்துவிடும். ஒவ்வொருவருக்கும் விடை தேவைப்படுவது நோயின் பொறுப்பை யார்மேல் சுமத்துவது என்று முடிவுசெய்யத்தான். இயக்குநரும் ஒரு விடையைச் சொல்லியிருந்தால் அந்த வரிசையில் அவரும் போய் நின்றிருப்பார்.

கேள்வி: இப்படி ஒரு நோய் உண்மையிலேயே இருக்கிறதா, கதைக்காகக் கற்பனை செய்ததா?

பதில்: கற்பனை அன்று. சிகாகோவைச் சேர்ந்த ஒவ்வாமை மருத்துவர் தெரான் ராண்டால்ஃப், பெட்ரோலியத்திலிருந்து பெறப்படும் பொருள்கள் முதலிய அன்றாட ரசாயனங்களின் மிகச் சிறிய அளவுகூடச் சிலரை நோயாளியாக்குகிறது என்று 1950களிலிருந்தே எழுதிவந்தார். யேல் பல்கலைக்கழகத்தின் தொழில்சார் நோய் மருத்துவர் மார்க் கல்லன் இதற்குப் ‘பல ரசாயனக் கூருணர்வு’ என்று பெயரிட்டு ஒரு வரையறையை 1987இல் வகுத்தார். கேரலின் கதை நடக்கும் ஆண்டும் அதுவே.

மருத்துவ உலகின் பெரும்பகுதி இதை ஏற்கவில்லை. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் அறிவியல் குழு, முறையான ஆய்வுகள் வரும்வரை இதைத் தனியொரு நோயாக அங்கீகரிக்க இயலாது என்று 1992இல் கூறியது. 1996இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் துணையுடன் பெர்லினில் கூடிய வல்லுநர்கள், ரசாயனம்தான் காரணம் என்ற பொருள் தொனிக்காத வேறொரு பெயரை முன்மொழிந்தார்கள். எது உண்மையான ரசாயனம், எது வெறும் காற்று என்று நோயாளிக்கும் சோதிப்பவருக்கும் தெரியாதவாறு நடத்தப்பட்ட பரிசோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த ஒரு கட்டுரை 2006இல் வந்தது. இந்நோயாளிகள் இரண்டுக்குமே எதிர்வினை காட்டினார்கள், வேறுபடுத்தி அறிவது ரசாயனத்தின் மணம் மறைக்கப்படாதபோதே பெரும்பாலும் நிகழ்ந்தது, ஆகவே எதிர்பார்ப்புக்கு இதில் பங்கு இருக்கக்கூடும் என்பது அதன் முடிவு.

இதைப் படித்துவிட்டு ‘அப்படியானால் பொய்தான்’ என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. மூச்சுத்திணறல் பொய்யன்று, வாந்தி பொய்யன்று, வேலையையும் வீட்டையும் விட்டுவிட்டு ஆளில்லா இடங்களில் போய்க் குடியேறியவர்களின் துயரம் பொய்யன்று. அந்தப் பரிசோதனைகள் காரணத்தைப் பற்றிச் சொல்கின்றன. வேதனை இல்லை என்று அவை எங்கும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காற்றைக் குறித்த அச்சத்துக்கு அன்றைய அமெரிக்காவில் உறுதியான அடிப்படையும் இருந்தது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியைத் தொடர்ந்து, எரிபொருளைச் சேமிப்பதற்காகக் கட்டடங்கள் காற்றுப் புகாதவாறு இறுக்கமாக மூடப்பட்டன. ஓர் ஆளுக்கு நிமிடத்துக்கு 15 கன அடி என்றிருந்த வெளிக்காற்றின் அளவு 5 கன அடியாகக் குறைக்கப்பட்டது. அதே காலத்தில் கம்பளம், அழுத்தப் பலகை, பசை ஆகியவற்றிலிருந்து ஃபார்மால்டிஹைடு போன்ற ஆவிகள் அறைக்குள் சேர்ந்தன. புதிதாகக் கட்டப்பட்ட அல்லது புதுப்பிக்கப்பட்ட கட்டடங்களில் 30 விழுக்காடு வரை உள்காற்றுக் கோளாறு பற்றிய புகார்களுக்கு இடம் தரலாம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் குழு 1984இல் மதிப்பிட்டது. வாஷிங்டனில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைமை அலுவலகத்திலேயே புதுக் கம்பளம் விரித்த பின் ஊழியர்கள் நோயுற்றதாகப் புகார் எழுந்தது 1980களின் பிற்பகுதியில்தான். காற்றோட்ட அளவு 1989இல் மீண்டும் 15 கன அடிக்கு உயர்த்தப்பட்டது. ஆகவே கேரலின் அச்சம் தனி ஒருத்தியின் மனப்பிறழ்வு என்று தள்ளிவிடக்கூடியதன்று.

கேள்வி: படம் முழுவதும் கேமரா எட்டவே நிற்கிறது. கேரலின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க முடியவில்லை. இது பார்வையாளரைச் சலிப்படையச் செய்யாதா?

பதில்: முதல் அரைமணி நேரம் சலிப்பாக இருக்கக்கூடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அந்தத் தொலைவுதான் இப்படத்தின் மொழி. ஒளிப்பதிவாளர் அலெக்ஸ் நெப்போம்னியாஷி அகன்ற கோணத்தில் முழு அறையையும் காட்டுகிறார். அந்த அறையில் திரைச்சீலையும் விளக்கும் சோபாவும் தெளிவாக இருக்கின்றன, கேரல் எங்கே என்று நாம் தேட வேண்டியிருக்கிறது. வீட்டுப் பொருள்களில் ஒன்றாக அவளும் ஓரத்தில் நிற்கிறாள். நோயைப் பற்றிய பெரும்பாலான படங்கள் நோயாளியின் முகத்தை நெருங்கி, கண்ணீரைக் காட்டி, அவளுடைய உள்ளம் நமக்குத் தெரிந்துவிட்டதாக நம்பவைக்கின்றன. இங்கே அந்த வசதி நமக்குத் தரப்படவில்லை. மருத்துவர் எவ்வளவு அறிவாரோ, கணவன் எவ்வளவு அறிவானோ அவ்வளவே நாமும் அறிகிறோம்.

ஒலியையும் கவனிக்க வேண்டும். எட் டோம்னியின் இசை, குளிர்சாதனப் பெட்டியின் முனகலா இசைக்கருவியா என்று பிரித்தறிய முடியாத ஒரு தாழ்ந்த ரீங்காரமாகப் பல காட்சிகளில் தொடர்கிறது. வானொலி, தொலைக்காட்சி, எங்கோ செல்லும் வாகனம் என ஏதோவொன்று எப்போதும் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. வாய்ப்பிருந்தால் காதில் அணியும் நல்ல ஒலிபெருக்கியுடன் (ஹெட்ஃபோன்) இப்படத்தைப் பாருங்கள். பேய்ப் படங்களில் வரும் அச்சத்தை, பட்டப்பகலில், வெளிர் நிறச் சுவர்களுக்கு நடுவே ஹெய்ன்ஸ் எவ்வாறு உண்டாக்குகிறார் என்பது அப்போது விளங்கும்.

கேள்வி: கதை ஏன் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் நடக்க வேண்டும்? ஏன் 1987?

பதில்: ஹெய்ன்ஸ் 1961இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்து, அந்தப் பள்ளத்தாக்கின் என்சினோ பகுதியில் வளர்ந்தவர், அந்த வீடுகளையும் சாலைகளையும் உள்ளிருந்து அறிந்தவர். ஒருகாலத்தில் ஆரஞ்சுத் தோப்புகளாக இருந்த நிலம் அது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தோப்புகள் வெட்டப்பட்டு, தனித்தனித் தோட்டத்துடன் கூடிய வீடுகளும் அவற்றை இணைக்கும் விரைவுச் சாலைகளும் வந்தன. நகரத்தின் நெரிசல், குற்றம், பிற இனத்தவர் ஆகியவற்றிலிருந்து விலகி, வெள்ளை நடுத்தர வர்க்கம் தனக்குப் பாதுகாப்பான இடமொன்றை அமைத்துக்கொண்டது. ஆனால் மலைகள் சூழ்ந்த பள்ளம் என்பதால் வாகனப் புகை வெளியேற வழியின்றி அங்கேயே தங்கிவிடும். பாதுகாப்பைத் தேடிப் போனவர்கள் போன இடத்தில் தங்கள் கார்களின் புகையையே சுவாசித்தார்கள். இதைவிடப் பொருத்தமான களம் இக்கதைக்கு வாய்த்திருக்காது. படம் ஓடும் காரிலிருந்து தொடங்குகிறது என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள்: இரவில், தெருவிளக்குகளின் கீழ், வீடுகளைக் கடந்து கார் மேட்டில் ஏறிக்கொண்டே இருக்கும்.

1987 என்ற ஆண்டுக்கு வேறு காரணம் உண்டு. எய்ட்ஸ் நோயைப் பற்றிய முதல் அரசு மருத்துவ அறிக்கை 1981 ஜூன் மாதத்தில் வெளிவந்தது. அதிபர் ரீகன் அந்நோயைப் பற்றியே பேசிய முதல் பெரிய உரையை 1987 மே மாத இறுதியில்தான் நிகழ்த்தினார். முதல் மருந்தான ஏ.இசட்.டி. அவ்வாண்டு மார்ச்சில் அனுமதி பெற்றது. படத்தின் தொடக்கத்தில் தோழி லிண்டாவின் சகோதரன் இறந்த செய்தி வருகிறது. கேரல் ஏதோ கேட்க வாயெடுத்து முடிக்காமல் நிறுத்துகிறாள். லிண்டாவும் அதைப் பெயர் சொல்லாமலே மறுத்து, அவன் மணமாகாதவன் என்பதால் எல்லோரும் அப்படி நினைக்கிறார்கள் என்கிறாள். அந்தச் சமையலறையில் சொல்லாமல் விடப்பட்ட பெயர் எய்ட்ஸ். படம் முழுவதற்குமான திறவுகோல் அங்கேயே கிடக்கிறது. பலர் அதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள்.

கேள்வி: கணவன் கிரெக் கெட்டவனா?

பதில்: இல்லை. வில்லன் எவரும் இப்படத்தில் தேவைப்படவில்லை. ஸாண்டர் பெர்க்லி நடித்த அந்தக் கணவன் பொறுமையிழக்கிறான், கோபப்படுகிறான், பின்பு வருந்துகிறான், மருத்துவமனைக்கு உடன் செல்கிறான், ரென்வுட்டுக்கும் வந்து பார்க்கிறான். அவனால் முடிந்தது அவ்வளவுதான். குடும்ப மருத்துவர் மனநல மருத்துவரின் முகவரி அட்டையை எதிரே உட்கார்ந்திருக்கும் கேரலிடம் தராமல் கணவனின் கையில் கொடுக்கும் காட்சிதான் என்னை அதிகம் உறுத்தியது. அந்த ஒரு கையசைவில் தவறு தனிமனிதனுடையதாக இல்லாமல் ஓர் ஏற்பாட்டினுடையதாகத் தெரிகிறது.

கேள்வி: ரென்வுட்டின் தலைவர் பீட்டர் டன்னிங்கை எப்படி எடுத்துக்கொள்வது? அவர் அன்பாகத்தான் பேசுகிறார். அங்கு வந்தவர்களும் நிம்மதியாகவே இருக்கிறார்கள். பின் ஏன் எனக்கு அவர்மீது அச்சம் வந்தது?

பதில்: இந்தப் பகுதிக்கு வந்தவற்றில் மிக முக்கியமான கேள்வி இது. உங்கள் அச்சம் சரியானது; ஆனால் அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

ரென்வுட் முதலில் நல்ல இடமாகவே தோன்றுகிறது. சான் ஃபெர்னாண்டோவில் எவரும் நம்பாத கேரலை அங்கே எல்லோரும் நம்புகிறார்கள். அவளுடைய நோய்க்குப் பெயர் இருக்கிறது, அவளைப் போன்றவர்கள் இருக்கிறார்கள், வாசனைத் திரவியமும் பூச்சிமருந்தும் வேகமாகச் செல்லும் வண்டியும் இல்லை. தலைவர் பீட்டருக்கு எய்ட்ஸும் இருக்கிறது, ரசாயனக் கூருணர்வும் இருக்கிறது என்று அறிமுகப்படுத்துகிறார்கள். பீட்டர் ஃபிரீட்மன் அந்தப் பாத்திரத்தை மென்மையாக, ஒரு நல்ல ஆசிரியரைப் போல நடித்திருக்கிறார்.

பிறகு அவர் சொல்வதைக் கேளுங்கள். தாம் செய்தித்தாள் படிப்பதையும் தொலைக்காட்சியில் செய்தி பார்ப்பதையும் நிறுத்திவிட்டதாகச் சொல்கிறார். கெட்ட செய்திகளை நம்பினால் தம் நோய் எதிர்ப்பு ஆற்றல் பாதிக்கப்படும் என்பது அவர் கருத்து. வட்டமாக உட்கார்ந்திருப்பவர்களை ஒவ்வொருவராகக் கேட்டு, உங்கள் நோய் எதனால் வந்தது என்று சொல்லவைக்கிறார். சரியான விடை ஒன்றே ஒன்றுதான்: என்னை நானே வெறுத்தேன், மன்னிக்கத் தெரியாமல் இருந்தேன், ஆகையால் நானே என்னை நோயாளியாக்கிக்கொண்டேன். கணவனை அங்கேயே பறிகொடுத்த நெல் என்ற பெண் மட்டும் அந்த விடையைச் சொல்ல மறுக்கிறாள். தன்னை நோயாளியாக்கியவர்கள் மீது அவளுக்கு இருக்கும் கோபத்தை, அவளே களைய வேண்டிய குறைபாடாகப் பீட்டர் திருப்பிக் காட்டுகிறார். நிதானமான குரலில், முகத்தில் கனிவோடு இவ்வளவும் நடக்கிறது. நோயாளிகள் சிறு குடில்களில் தங்கியிருக்க, தலைவரின் வீடு மேட்டின்மேல் மாளிகையாக நிற்பதைக் கேமரா ஒரே ஒருமுறை காட்டி, கருத்து எதுவும் கூறாமல் நகர்ந்துவிடுகிறது.

பீட்டர் வானத்திலிருந்து குதித்த பாத்திரம் அல்லர். 1980களின் நடுப்பகுதியில் லாஸ் ஏஞ்சலிஸில் லூயிஸ் ஹே என்ற எழுத்தாளர், நோய்கள் நம் எண்ணங்களின் விளைவு, தன்னை நேசிக்கக் கற்றால் அவை நீங்கும் என்று எழுதியும் பேசியும் வந்தார். எய்ட்ஸ் நோயாளிகள் சிலரைக் கொண்டு அவருடைய வீட்டு வரவேற்பறையில் தொடங்கிய வாராந்திரக் கூட்டம், சில ஆண்டுகளில் மேற்கு ஹாலிவுட்டில் நூற்றுக்கணக்கானோர் திரளும் கூட்டமாக வளர்ந்தது. எய்ட்ஸால் இறந்துகொண்டிருந்தவர்கள் ஏன் இத்தகைய போதனையைத் தேடிச் சென்றார்கள் என்ற கேள்வியே இப்படத்தை எழுதத் தம்மைத் தூண்டியது என்று ஹெய்ன்ஸ் நேர்காணல்களில் விளக்கியிருக்கிறார். அவர் தாமும் ஓரினச்சேர்க்கையாளர். நண்பர்கள் இறப்பதைக் கண்ட தலைமுறையைச் சேர்ந்தவர்.

அந்தக் கூட்டங்களுக்குச் சென்றவர்களை நான் சிறிதும் குறைத்துப் பேச மாட்டேன். குடும்பம் கைவிட்டு, மருத்துவமனை ஊழியர்களே தொடத் தயங்கிய காலத்தில், அங்கே அவர்களைக் கட்டியணைத்துக்கொள்ள ஒருவர் இருந்தார். அந்த அணைப்பு உண்மையானது. ஆனால் அதற்கு அவர்கள் கொடுத்த விலை என்ன? நோய் என் எண்ணத்தால் வந்தது என்று ஏற்றுக்கொண்டால், குணமாகாமற்போனதும் என் குற்றமாகிவிடுகிறது. மருந்து ஆராய்ச்சியைத் தாமதப்படுத்திய அரசிடமோ, காப்பீடு மறுத்த நிறுவனத்திடமோ கேட்க வேண்டிய கேள்வியை நோயாளி தன்னிடமே கேட்டுக்கொண்டு இறந்துபோகிறார். 1995 அக்டோபர் இறுதிக்குள் அமெரிக்காவில் பதிவான எய்ட்ஸ் நோயாளிகளின் எண்ணிக்கை 5 இலட்சத்தைக் கடந்தது. நோயைக் கட்டுக்குள் வைத்திருக்கும் மருந்து வகையின் முதல் மருந்து அனுமதி பெற்றது அதே ஆண்டு டிசம்பரில். அதுவரை காலம் கடத்தப்பட்டவர்களுக்கு, தன்னை நேசி என்ற அறிவுரை மருந்தின் இடத்தில் வைத்துக் கொடுக்கப்பட்டது. பீட்டரைக் கண்டு உங்களுக்கு வந்த அச்சம் இதிலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்: குற்றம் சாட்டுபவர் கையைப் பிடித்துக்கொண்டே குற்றம் சாட்டுகிறார்.

கேள்வி: வீட்டுப் பணியாளர் ஃபுல்வியா, அழகு நிலையப் பெண், பூச்சிமருந்து அடிப்பவர்கள் – இவர்களுக்கு ஏன் நோய் வருவதில்லை?

பதில்: வருவதில்லை என்று படம் சொல்லவில்லை; அவர்களிடம் யாரும் கேட்கவில்லை என்றே காட்டுகிறது. கேரலுக்குச் சில நிமிடங்களில் தாங்க முடியாமற்போன மருந்தை முகமூடி அணிந்து நாள் முழுவதும் அடிப்பவர் அங்கேயே நிற்கிறார். மேலே குறிப்பிட்ட மருத்துவர் கல்லன் தமது வரையறையை வகுத்தது ஆலைகளிலும் பணியிடங்களிலும் நோயுற்று வந்த தொழிலாளர்களைப் பார்த்துத்தான். சிறுவன் ரோரி பள்ளிக்காக லாஸ் ஏஞ்சலிஸின் கறுப்பின, மெக்சிகக் குழுச் சண்டைகளைப் பற்றி எழுதிய கட்டுரையை உணவு மேசையில் படிக்கும் காட்சியை இத்துடன் சேர்த்துப் பாருங்கள். அந்த வீட்டுக்கு வெளியிலிருந்து வரக்கூடிய ஆபத்தாகக் கருதப்படுபவர்களும் அந்த வீட்டைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருப்பவர்களும் ஏறத்தாழ ஒரே தெருக்களிலிருந்து வருகிறவர்கள்.

கேள்வி: கேரலாக நடித்த ஜூலியன் மூர் இப்படத்தில் எதுவும் செய்யாதது போலவே இருக்கிறார். அதை ஏன் பெரிய நடிப்பு என்கிறார்கள்?

பதில்: எதுவும் செய்யாதது போல் இருப்பதற்கு அவர் செய்தவை பல. குரலைத் தொண்டையின் அடியிலிருந்து வரவிடாமல், மேலே, மெல்லியதாக வைத்துக்கொண்டார். கூற்றாகச் சொல்லும் வாக்கியங்களையும் கேட்பவரின் அனுமதியைக் கோருவதுபோல் ஏற்றிறக்கி முடிக்கிறார். பாத்திரத்துக்காக உடல் மெலிந்தார். முக்கியமாக, பார்வையாளரிடம் இரக்கத்தைக் கேட்டுப் பெறவில்லை. தான் யார் என்றே அறியாத ஒரு பெண்ணை, அறிவுள்ள ஒரு நடிகை ஏளனம் சிறிதுமின்றி நடிப்பது அரிது. பிறந்தநாள் விருந்தில் கேரல் தட்டுத்தடுமாறி நிகழ்த்தும் சிற்றுரையை மட்டும் மீண்டும் ஒருமுறை பாருங்கள். பீட்டரிடம் கேட்ட சொற்களும் பொருட்களின் மேலொட்டுச் சீட்டுகளைப் படிப்பது பற்றிய பேச்சும் ஒன்றோடொன்று மோதி, எந்த வாக்கியமும் எங்கும் போய்ச் சேர்வதில்லை. அவளோ சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட மகிழ்ச்சியில் புன்னகைக்கிறாள்.

கேள்வி: கடைசிக் காட்சியில் கண்ணாடியைப் பார்த்து ‘உன்னை நேசிக்கிறேன்’ என்கிறாள். அவள் குணமாகிவிட்டாள் என்று நானும், தோற்றுவிட்டாள் என்று என் தோழியும் வாதிடுகிறோம். யார் சொல்வது சரி?

பதில்: காட்சியில் இருப்பவற்றை முதலில் எண்ணிப் பார்ப்போம். கேரல் இப்போது ரென்வுட்டிலேயே மிகத் தனித்த இடத்தில், உட்புறம் பீங்கான் பூசிய, சன்னலற்ற குவிமாடம் போன்ற அறைக்குள் குடியேறியிருக்கிறாள். உயிர்வளி உருளை அருகில் இருக்கிறது. உடல் முன்னைவிட மெலிந்திருக்கிறது. நெற்றியில் புண் போன்ற தழும்பு தெரிகிறது. உடல்நிலையைப் பொறுத்தவரை அவள் தேறியதற்கு எந்தச் சான்றும் இல்லை. கண்ணாடி முன் சொல்லும் அந்த வாக்கியமும் அவளுடையதன்று. ரென்வுட்டில் இன்னொரு பெண் தான் குணமானது இப்படித்தான் என்று அவளுக்குக் கற்றுத் தந்தது. இவ்வளவும் உங்கள் தோழியின் பக்கம்.

உங்கள் பக்கத்திலும் ஒன்று உண்டு. படம் முழுவதும் நம்மிடமிருந்து விலகியே இருந்த அவள் முகம் அந்த இடத்தில்தான் முழுத் திரையிலும் வருகிறது. கண்ணாடியின் இடத்தில் கேமரா இருப்பதால், அவள் நேராக நம்மைப் பார்க்கிறாள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1970களிலும் 80களிலும் நோயைப் பற்றிய படங்கள் ஏராளமாக வந்தன. அவற்றில் நோயாளி இறுதியில் தன்னை உணர்ந்து தெளிவு பெறுவது எழுதப்படாத விதி. ஹெய்ன்ஸ் அந்த விதியின்படியே இறுதிக் காட்சியை அமைத்து, தெளிவை மட்டும் எடுத்துவிடுகிறார். நான் தோழியின் பக்கமே சாய்கிறேன். ஏனென்றால் புறநகர் வீட்டிலிருந்து குடிலுக்கும், குடிலிலிருந்து குவிமாடத்துக்கும் அவள் இடம் மாறும் ஒவ்வொரு முறையும் அறை சிறிதாகிறது, சுவர் தடிமனாகிறது. இருந்தும் அவள் குரலில் ஏதோவொரு முயற்சி இருக்கிறது என்று நீங்கள் உணர்ந்திருந்தால் அதை நான் மறுக்க மாட்டேன்.

கேள்வி: இப்படம் வெளிவந்தபோது வெற்றி பெற்றதா?

பதில்: திரையரங்கில் இல்லை. ஏறத்தாழ 10 இலட்சம் டாலரில், கிறிஸ்டீன் வஷோன், லாரன் ஸலாஸ்னிக் ஆகியோரின் தயாரிப்பில் உருவாகி, 1995 ஜனவரியில் சன்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்டது. பார்த்தவர்கள் குழம்பினார்கள், ரென்வுட்டை இயக்குநர் ஆதரிக்கிறாரா எதிர்க்கிறாரா என்றே பலருக்குப் பிடிபடவில்லை. ஆனால் அந்தப் பத்தாண்டு முடிந்தபோது, நியூயார்க்கின் ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழ் விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் 1990களின் மிகச் சிறந்த படமாக இதுவே தேர்வாயிற்று. பெரிய நிறுவனத்தின் பணத்தில் எடுத்திருந்தால், மருத்துவர் ஒருவர் கடைசியில் நோயின் பெயரைச் சொல்லும் காட்சியொன்றைச் சேர்க்கச் சொல்லியிருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன்.

கேள்வி: என் நெருங்கிய உறவினருக்குப் பல ஆண்டுகளாகக் காரணம் கண்டுபிடிக்க முடியாத நோய். இப்படத்தை அவருக்குக் காட்டலாமா?

பதில்: அவர் கேட்டால் காட்டுங்கள், நீங்களாகக் காட்ட வேண்டாம். அவர் அறியாத எதையும் இப்படம் அவருக்குச் சொல்லப்போவதில்லை. பரிசோதனை முடிவுகள் இயல்பாக இருக்கின்றன என்று மருத்துவர் சொல்லும்போது எதிரில் உட்கார்ந்திருப்பது எப்படியிருக்கும் என்பதை அவர் நன்கு அறிவார். உங்களைப் போல அவருடன் இருப்பவர்கள் பார்ப்பதே பயன் தரும். பார்த்துவிட்டு, அவருடைய நோய் எதனால் வந்திருக்கும் என்று நீங்கள் அவரிடம் இதுவரை எத்தனை விதமாகக் கேட்டிருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். மருத்துவத்தை எந்த நிலையிலும் நிறுத்திவிட வேண்டாம். ஒரு மருத்துவரிடம் விடை இல்லையெனில் இன்னொருவரிடம் செல்வதில் தவறில்லை. மனநல மருத்துவரிடம் செல்வதும் நோயைப் பொய்யென்று ஒப்புக்கொள்வதாகாது.

கேள்வி: இதே இயக்குநரின் வேறு எந்தப் படத்தை அடுத்துப் பார்க்கலாம்?

பதில்: நோயும் புறநகரும் என்ற இதே பொருளில் அவர் முதலில் எடுத்தது 1987ஆம் ஆண்டின் 43 நிமிடக் குறும்படம். உணவைத் தவிர்க்கச் செய்யும் ‘அனோரெக்சியா’ என்ற நோயால் உடல் நலிந்து 1983இல் தமது 32ஆம் வயதில் இறந்த பாடகி கேரன் கார்ப்பென்டரின் வாழ்க்கையை, கலிஃபோர்னியாவின் டவுனி புறநகரைப் பின்னணியாகக் கொண்டு, நடிகர்களுக்குப் பதிலாக பார்பி பொம்மைகளை வைத்து எடுத்தார். பாடல்களுக்கு உரிமை பெறாததால் அவருடைய சகோதரர் வழக்குத் தொடர, 1990 முதல் அது முறையான புழக்கத்தில் இல்லை. எனவே 2002இல் வந்த ‘ஃபார் ஃப்ரம் ஹெவன்’ படத்தைப் பாருங்கள். 1957ஆம் ஆண்டின் கனெக்டிகட் புறநகர், மீண்டும் ஜூலியன் மூர். அதில் மருத்துவரிடம் செல்பவன் கணவன், அவர் குணப்படுத்த முனைவது அவனுடைய ஓரினச்சேர்க்கை விருப்பத்தை.